கீறல் நாணய அளவுதான். உள்ளே என்ன ஆகியிருக்கும்?

கேள்வி:

ஐயா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து மூன்று வருஷமாக வள்ளியூர் பக்கம் ஒரு காற்றாலைத் தளத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் புது பிளேடு ஒன்றை டிரெய்லரில் இருந்து இறக்கும்போது பெல்ட் நழுவி, பிளேடு ஒரு கான்கிரீட் கட்டையில் இடித்துவிட்டது. பிளேடு 50 மீட்டருக்கு மேல் நீளம். இடித்த இடம் ரூட்டில் (பிளேடின் அடிமுனை) இருந்து சுமார் 18 மீட்டர். வெளியே பெயின்ட் உரிந்து ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு தடம், அவ்வளவுதான். எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, பெயின்ட் அடித்து ஏற்றிவிடலாம் என்கிறார். சீசன் தொடங்குவதற்குள் மூன்று பிளேடையும் ஏற்ற வேண்டும் என்று அவசரம். அல்ட்ராசோனிக் சோதனை செய்தால் உள்சேதம் தெரியும் என்று படித்தேன். இன்ஜினீயரிடம் கேட்டால், அதெல்லாம் இரும்பு வெல்டிங்குக்குத்தான், ஃபைபரில் ஒன்றும் தெரியாது என்கிறார். உண்மையா? நான் சின்ன ஆள், இதில் வாய் திறக்கலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

தம்பி, வாயைத் திறங்கள். அந்த பிளேடு ஸ்கேன் ஆகாமல் மேலே போகக் கூடாது. அல்ட்ராசோனிக் ஃபைபரில் வேலை செய்யும். உங்கள் இன்ஜினீயர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நாணய அளவுத் தடத்தைப் பற்றிப் பேசுவோம். எல்லோரையும் ஏமாற்றுவது அதுதான்.

இரும்புத் தகட்டில் சுத்தியலால் அடித்தால் குழி விழும். அடி எவ்வளவு பலம் என்பதைக் குழியே சொல்லிவிடும். கண்ணாடி இழை அப்படி இல்லை. அடி விழுந்ததும் மேல்தோல் வளைந்து, அடி போனதும் பழையபடி எழுந்து நின்றுவிடும். பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஆனால் அந்த வளைவில் உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவப் பார்த்திருக்கும். இழைக்கு நீளவாக்கில்தான் பலம். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடித்துக்கொண்டிருப்பது வெறும் ரெசின். அது விட்டுக்கொடுத்தால் அடுக்கு பிரியும். நாங்கள் டீலாமினேஷன் என்று சொல்வது இதைத்தான்.

என் மேசையில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். 12 மி.மீ. தடிமன் கண்ணாடி இழை லேமினேட், அதாவது அடுக்கடுக்காக ரெசினில் ஒட்டிய பலகை, பயிற்சிக்காக எடை ஒன்றை அதன்மேல் விழச் செய்தது. மேல்பக்கத்தில் அடிபட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதன் நடுவே அறுத்து, அறுத்த முகத்தை வழவழப்பாகத் தேய்த்து, பேனா மையைத் தடவித் துடைத்தேன். விரிசல்களுக்குள் மை இறங்கி நின்றது. மேலே சுண்டுவிரல் நகம் அளவு, கீழே போகப் போகக் குடை விரித்தது போல அகன்று, கடைசி அடுக்கை நெருங்கும்போது உள்ளங்கை அகலம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் அந்தத் துண்டைத்தான் கையில் கொடுப்பேன்.

விமானத் துறையில் இந்த ‘கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் மோதல் சேதம்’ தனி வகையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சேதத்தோடும் பாகம் தன் முழு வடிவமைப்புச் சுமையைத் தாங்க வேண்டும் என்று வைத்துத்தான் இப்படி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்த காம்போசிட் பாகங்களை வடிவமைக்கிறார்கள். போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி காம்போசிட். நிலையத்தில் நிற்கும்போது சாமான் வண்டியோ ஏணியோ இடித்துவிட்டால், அங்கேயே வைத்துப் பார்த்துச் சரி, சரியில்லை என்று மட்டும் சொல்லும் கையடக்க அல்ட்ராசோனிக் கருவியே அதற்காகச் செய்திருக்கிறார்கள். உங்கள் பிளேடும் அதே குடும்பத்துப் பொருள்தான். ஒரு வித்தியாசம்: உங்கள் பிளேடு ஓய்வில்லாமல் சுற்றும். நிமிடத்துக்கு 12 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், விடாமல் ஓடினால் ஆண்டுக்கு 63 லட்சம் சுற்று. 20 ஆண்டில் 12 கோடிக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் பிளேடின் சொந்த எடையே அதை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் வளைக்கிறது. இன்று உள்ளங்கை அகலத்தில் இருக்கும் பிரிவு அத்தனை சுற்றும் அதே அளவில் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இப்போது அண்ணாச்சி விஷயம். தட்டிப் பார்ப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பலாப்பழத்தை நாம் தட்டித்தான் வாங்குகிறோம், மாமல்லபுரத்துச் சிற்பி உளி வைக்கும் முன் கல்லைத் தட்டி ஓசை கேட்கிறார். விமானப் பராமரிப்பிலும் அதற்கென்று சின்னச் சுத்தியல் வைத்து முறைப்படி தட்டுகிறார்கள். மெல்லிய மேல்தோல் உள்ளே இருந்து விட்டிருந்தால் அந்த இடம் பறை போல அதிரும், ஓசை மந்தமாக மாறும். அனுபவப்பட்ட காது அதைப் பிடித்துவிடும். ஆனால் பிரிவு 25 மி.மீ. ஆழத்தில் இருந்தால் அதன்மேல் கிடப்பது 25 மி.மீ. திண்மையான லேமினேட். அதை ஒரு நாணயத்தால் அதிர வைக்க முடியாது. அண்ணாச்சி கேட்டது நல்ல ஓசைதான், பொய் சொல்லவில்லை. மேல் சில மில்லிமீட்டர் நன்றாக இருக்கிறது என்பதுதான் அந்த ஓசைக்கு அர்த்தம்.

இதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரதேரோவில் இருந்து கனடாவின் கியூபெக் நகருக்குக் கிளம்பிய ஏர் டிரான்சாட் விமானம், ஏர்பஸ் ஏ310, நடுவானில் தன் வால் சுக்கானை இழந்தது. விமானி திருப்பிக்கொண்டு வந்து பத்திரமாக இறக்கினார், உயிர்ச்சேதம் இல்லை. கீழே வந்து பார்த்தால் சுக்கானில் பெரும்பகுதியைக் காணோம். அந்தச் சுக்கான் காம்போசிட் தோலும் தேன்கூட்டு நடுப்பகுதியும் கொண்ட சாண்ட்விச். முன்பே உள்ளே இருந்த பிரிவோ சேதமோ வளர்ந்து இப்படி ஆகியிருக்கலாம் என்றும், அன்று நடைமுறையில் இருந்த பரிசோதனை முறை எல்லாச் சேதத்தையும் கண்டுபிடிக்கப் போதாது என்றும் கனடாவின் விசாரணை சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஓர் ஏ300 விமானத்தின் சுக்கான் பராமரிப்பின்போது அடிபட, அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஊறி, உள்பக்கத் தோல் தேன்கூட்டில் இருந்து விட்டுப்போயிருந்தது. வெளியே இருந்து தட்டிப் பார்த்தால் உள்பக்கத் தோலின் பிரிவு தெரிய வாய்ப்பில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006இல் எச்சரித்தது. அண்ணாச்சியிடம் வாதாட வேண்டாம், இந்த இரண்டு கதையையும் டீ குடிக்கும்போது சொல்லுங்கள். அனுபவசாலிகளுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

சரி, அல்ட்ராசோனிக் என்ன செய்கிறது? புரோபில், அதாவது பொருளின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவியில், இருக்கும் பீசோ படிகத்துக்கு மின்துடிப்பு கொடுத்தால் அது அதிரும். அந்த அதிர்வு ஜெல் வழியாக லேமினேட்டுக்குள் இறங்கும். எங்காவது காற்று இடைப்பட்டால் திரும்பி வரும். காற்றுக்கும் கண்ணாடி இழைக்கும் ஒலித்தடை, அதாவது ஒலிக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு, அந்த விஷயத்தில் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதால், தலைமுடியைவிட மெல்லிய காற்று இடைவெளி என்றாலும் ஒலி ஏறக்குறைய முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். அதனால்தான் பிரிந்த அடுக்கு இந்தச் சோதனையில் பளிச்சென்று தெரிகிறது. ஜெல் இல்லாமல் ஒன்றும் தெரியாததற்கும் இதே காரணம், புரோபுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே இருக்கும் காற்றே ஒலியைத் திருப்பிவிடும்.

கணக்காகவே பாருங்கள். கண்ணாடி இழை லேமினேட்டின் தடிமன் வழியே ஒலி நொடிக்கு சுமார் 2,700 மீட்டர் போகிறது என்று வையுங்கள். லேமினேட்டுக்கு லேமினேட் இது மாறும், ஆகவே தளத்தில் அளந்துகொள்ள வேண்டும். 40 மி.மீ. தடிமன் என்றால் போக வர 80 மி.மீ., கிட்டத்தட்ட 30 மைக்ரோ நொடி. திரையில் 30இல் ஓர் எக்கோ நிமிர்ந்து நிற்கும், அதுதான் பேக்வால், அதாவது மறுபக்கச் சுவர். 15இல் ஒன்று முளைத்து 30இல் இருந்தது படுத்துவிட்டால், 20 மி.மீ. ஆழத்தில் ஏதோ வழியை மறிக்கிறது.

உங்கள் இன்ஜினீயர் சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இங்கேதான். வெல்டிங் சோதிப்பவர் கையில் வழக்கமாக இருப்பது 4, 5 மெகாஹெர்ட்ஸ் புரோப். அதைத் தடித்த கண்ணாடி இழைமேல் வைத்தால் ஒலி இழைகளில் மோதிச் சிதறி, ரெசினில் கரைந்து, பாதி வழியிலேயே செத்துப்போகும். திரை முழுக்கப் புல் முளைத்தது போல இரைச்சல்தான் தெரியும். ஒருமுறை இதைப் பார்த்தவர் ஃபைபரில் ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார். அலைவரிசையை இறக்க வேண்டும். தடித்த பகுதிக்கு 1 மெகாஹெர்ட்ஸ், இன்னும் தடிப்பென்றால் அரை மெகாஹெர்ட்ஸ். அப்போது அலைநீளம் 3, 5 மி.மீ. ஆகிவிடுவதால் பொடிக் குறைகள் தப்பும், ஆனால் மோதலில் வந்த அடுக்குப் பிரிவு அலைநீளத்தைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கும், தப்பாது. அதே இன்ஜினீயரிடம், சார், 1 மெகாஹெர்ட்ஸ் புரோப் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பேச்சு வேறு திசைக்குப் போகும்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயம் எனக்கு முக்கியம். அந்தத் தடம் பிளேடின் எந்தப் பகுதியில் இருக்கிறது? 18 மீட்டர் என்று நீளவாக்கில் சொல்லிவிட்டீர்கள், அகலவாக்கில் சொல்லவில்லை. நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஸ்பார் கேப் மீதா, அதற்கு இரண்டு பக்கமும் பால்சா கட்டையோ ஃபோமோ நடுவில் வைத்த சாண்ட்விச் பகுதியிலா, டிரெய்லிங் எட்ஜ், அதாவது பின்விளிம்பின், பசை ஒட்டின் பக்கமா? அப்புறம், காற்று வந்து தள்ளும் முகமா, முதுகுப்பக்கமா? காற்று தள்ளும்போது முகப்பக்கம் இழுபடும், முதுகுப்பக்கம் அமுங்கும். பிரிந்த அடுக்குக்கு இழுவையைவிட அமுக்கம்தான் எமன். தாங்கலை இழந்த மெல்லிய அடுக்கு அமுக்கத்தில் புடைத்துக்கொண்டு தன்னைத்தானே மேலும் பிரித்துக்கொண்டு போகும். முதுகுப்பக்க ஸ்பார் கேப்பில் இடித்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் வேலையை நிறுத்தச் சொல்வேன்.

ஸ்பார் கேப் என்றால் சோதனை நேரானது. முதலில் இடித்த இடத்துக்குப் போகாதீர்கள். தளத்தில் அதே அச்சில் செய்த இன்னும் இரண்டு பிளேடு கிடக்கிறதே, அவற்றில் ஒன்றில் அதே 18 மீட்டரில், அதே இடத்தில் புரோபை வைத்துப் பேக்வால் எங்கே, எவ்வளவு உயரத்தில் வருகிறது, கெயின், அதாவது கருவி சிக்னலைப் பெருக்கும் அளவு, எத்தனை டெசிபல் என்று எழுதி, திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல ரெஃபரன்ஸ் உங்களுக்குக் கிடைக்காது. அப்புறம் அடிபட்ட பிளேடில், தடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி ஆரம்பித்து உள்நோக்கி வாருங்கள். சாக்பீஸால் 25 மி.மீ. கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக.

பேக்வால் தன் இடத்தில், தன் உயரத்தில் நின்றால் நல்லது. பேக்வால் படுத்து நடுவே புது எக்கோ எழுந்தால் பிரிவு. அந்த எக்கோ உச்சத்தில் இருக்கும் இடத்தில் இருந்து புரோபை மெல்ல நகர்த்தி, உயரம் பாதியாகக் குறையும் இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி. பாதி என்றால் 6 டெசிபல். எட்டுத் திசையிலும் இப்படிப் புள்ளி வைத்துச் சேர்த்தால் சேதத்தின் வரைபடம் பிளேடின் மேலேயே கிடைத்துவிடும். பெயின்ட் உரிந்த நாணயத் தடம் அந்த வட்டத்துக்கு நடுவே ஒரு பொட்டு போல நிற்கும். எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பேக்வாலும் போய்விடும், நடுவிலும் ஒன்றும் வராது. பலர் இதை ‘இண்டிகேஷன் ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தப்பு. ஒலி உள்ளே போய்த் திரும்பி வரவே இல்லை என்றால் ஜெல் காய்ந்திருக்கலாம், மறுபக்கம் சாய்வாக இருக்கலாம், இழை சுருங்கி மடிந்திருக்கலாம், ரெசினில் காற்றுக் குமிழ்கள் இருக்கலாம், அல்லது பொடி விரிசல்கள் ஒலியை நாலாபக்கமும் சிதறடிக்கலாம். அந்தக் கட்டத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டே ஆக வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் ஜெல் கண்முன்னே காயும், காலையில் சீக்கிரம் வேலையை முடிப்பது நல்லது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். இந்தத் துறைக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். தடித்த லேமினேட் பாகம் ஒன்றைச் சோதிக்கக் கொடுத்தார்கள். தடிமன் இடத்துக்கு இடம் மாறும், அடுக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும் வகை. வரைபடத்தைக் கேட்டு வாங்காமல் நேராகப் புரோபை வைத்தேன். 30 மி.மீ.யில் அழகான, நிமிர்ந்த எக்கோ. நகர்த்த நகர்த்த அதே இடத்தில் ஆடாமல் நின்றது. இதுதான் பேக்வால் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதி முழுவதையும் நல்லது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுநாள் கூட வேலை பார்த்தவர் விளிம்பில் இருந்து ஸ்கேன் செய்துகொண்டே வந்தார். ஒரு கோட்டைத் தாண்டியதும் எக்கோ 36இல் இருந்து 30க்குத் தாவியது. சாய்வாக இறங்கி வரவில்லை, தாவியது. உண்மையான தடிமன் 36. நான் பேக்வால் என்று நினைத்தது ஒரு பெரிய அடுக்குப் பிரிவு. பெரிய பிரிவு தட்டையாக, சீராக இருப்பதால் பேக்வாலைப் போலவே வேஷம் போடும். சின்னச் சேதத்தைத் தேடிக்கொண்டிருந்தவன் பெரிய சேதத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். பாகம் வெளியே போகும் முன் பிடிபட்டது. அந்த ரிப்போர்ட்டை நானே கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து வரைபடம் கைக்கு வராமல் புரோபைத் தொடுவதில்லை. பிளேடிலும் ஸ்பார் கேப் நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். 17 மீட்டரில் இருந்த தடிமன் 19 மீட்டரில் இருக்காது. தயாரிப்பாளரிடம் அந்த இடத்துக்கான அடுக்கு எண்ணிக்கையும் தடிமனும் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பிளேடை அளந்து பாருங்கள்.

தடம் சாண்ட்விச் பகுதியில் இருந்தால் கதை வேறு. மேல்தோல் சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே பால்சாவோ ஃபோமோ ஒலியைக் குடித்துவிடும், மறுபக்கத் தோலில் இருந்து எக்கோ வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 1 மெகாஹெர்ட்ஸ் புரோபுக்கு மேற்பரப்பின் முதல் சில மில்லிமீட்டர் குருட்டுப் பகுதி வேறு. துடிப்பு அடங்குவதற்குள் மேல்தோலின் எக்கோ வந்து போய்விடும். அதற்கு எக்கோவைச் சற்றுத் தாமதமாக வரவைக்கும் டிலே லைன் வைத்த, கொஞ்சம் உயர்ந்த அலைவரிசைப் புரோப் வேண்டும், 2.25 மெகாஹெர்ட்ஸ் போல. அண்ணாச்சியின் நாணயத்துக்கும் இங்கே நல்ல வேலை இருக்கிறது, மேல்தோல் மெல்லியது, விட்டிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். உள்தோலை மட்டும் வெளியே இருந்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏ300 கதை அதேதான். பிளேடுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். 18 மீட்டரில் உட்புறம் எவ்வளவு இடம் இருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் ஆள் போகலாமா, கேமரா மட்டும் போகலாமா என்பது. ஆள் போவதாக இருந்தால் மூடிய இடத்துக்கான அனுமதிச் சீட்டு, காற்று அளவி, வெளியே காவலுக்கு ஓர் ஆள், இதில் எது இல்லாவிட்டாலும் நீங்கள் உள்ளே போகாதீர்கள்.

அல்ட்ராசோனிக் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். பிரிந்த அடுக்குகள் இறுக்கமாக ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி தடையில்லாமல் கடந்துவிடும், ஒட்டு இருப்பது போலவே காட்டும், பலம் இருக்காது. பசை ஒட்டுகளில் இது பெரிய தலைவலி, இன்றுவரை எளிதான தீர்வு இல்லை. பிரிவுக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும் எக்கோ மெலிந்துவிடும். ஆகவே பெயின்ட் உரிந்த இடத்தை இன்றைக்கே டேப் போட்டு மூடுங்கள், மழைச்சாரல் படாமல். பெயின்ட் மட்டும் அடிக்க விடாதீர்கள்.

லேம்ப் அலைகள் பற்றியும் எங்காவது படித்திருப்பீர்கள். தகடு வழியே நீளவாக்கில் ஓடும் அலை, ஹோரேஸ் லேம்ப் 1917இல் கணக்குப் போட்டு வைத்தது. ஓரிடத்தில் இருந்து அனுப்பினால் மீட்டர் கணக்கில் ஓடி, வழியில் இருக்கும் சேதத்தைச் சொல்லும். சென்னை ஐஐடியின் சிதைவிலாச் சோதனை மையத்தில் இந்த வகை அலைகளில் நிறைய வேலை நடந்திருக்கிறது. பிளேடுக்குள்ளேயே சென்சார்களைப் பதித்துவைத்து ஓடும்போதே கேட்பது வரைக்கும் ஆராய்ச்சி போகிறது. இன்றைக்கு உங்கள் தளத்தில் கிடக்கும் பிளேடுக்கு அது வேண்டாம். எங்கே இடித்தது என்று தெரியும், புரோபை அங்கே வைத்தால் போதும்.

யாரைக் கூப்பிடுவது? அல்ட்ராசோனிக் லெவல் 2 சான்றிதழ் உள்ளவர் வேண்டும், ஐஎஸ்ஓ 9712 படியோ நம் ஐஎஸ் 13805 படியோ. ஆனால் சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். வெல்டிங்கில் மட்டும் கை தேர்ந்த லெவல் 2 இந்த வேலைக்குப் போதாது. காம்போசிட் பாகம் சோதித்திருக்கிறீர்களா, எந்தப் புரோப் கொண்டுவருவீர்கள் என்று போனிலேயே கேளுங்கள். 5 மெகாஹெர்ட்ஸ் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவுக்கு எப்படியும் தகவல் போக வேண்டும். அவர்களிடம் பிளேடுக்கென்றே எழுதிய நடைமுறையும், எத்தனை மி.மீ. வரை அனுமதி, எதற்கு மேல் பழுது பார்க்க வேண்டும் என்ற வரம்பும் இருக்கும். அந்த வரம்பை நானோ நீங்களோ சொல்ல முடியாது. சொல்லாமல் பெயின்ட் அடித்து ஏற்றினால் வாரன்ட்டியும் சந்தேகத்துக்கு ஆளாகும். உங்கள் மேலாளருக்கு இந்த ஒரு வாக்கியம் புரியும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, சின்ன ஆள் என்பது. தம்பி, இடித்ததைக் கண்ணால் பார்த்தது நீங்கள். பயமாக இருந்தால் வாதம் செய்யாதீர்கள், எழுதிக் கொடுங்கள். பிளேடு சீரியல் எண், தேதி, நேரம், ரூட்டில் இருந்து எத்தனை மீட்டர், லீடிங் எட்ஜில் (முன்விளிம்பு) இருந்து எத்தனை செ.மீ., முகப்பக்கமா முதுகுப்பக்கமா, தடத்தின் அளவு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ. கடைசியில் ஒரே வரி: “ஏற்றுவதற்கு முன் இந்த இடத்தில் அல்ட்ராசோனிக் சோதனை செய்து, தயாரிப்பாளரின் முடிவைப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.” யாரையும் குறை சொல்ல வேண்டாம், பெல்ட்டை யார் கட்டினார்கள் என்பதும் அதில் வேண்டாம். தள இன்ஜினீயருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் சேர்த்து மின்னஞ்சலாக அனுப்புங்கள்.

அவசரம் என்கிறார்கள், எனக்கும் புரிகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே மாதம் காற்று பிடித்தால் செப்டம்பர் வரை ஓய்வில்லை, ஒரு நாள் நின்றாலும் நஷ்டம்தான். ஆனால் தரையில் கிடக்கும் பிளேடில் இந்தச் சோதனைக்கு அரை நாள் போதும். அதையே மேலே ஏற்றிய பிறகு செய்ய வேண்டும் என்றால் கயிற்றில் தொங்கும் ஆள் வேண்டும், காற்று அடங்கும் நாள் பார்க்க வேண்டும். சீசனில் அந்த நாள் எப்போது வரும் என்று உங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். பழுது பார்ப்பதும் அப்படியே. தரையில் நிழல் கட்டி, சேதமான அடுக்குகளைச் சாய்வாக இழைத்து எடுத்துப் புதுத் துணி வைத்து ரெசின் ஊற்றலாம். உயரத்தில் காற்றிலும் ஈரத்திலும் அதே தரத்தில் செய்வது மிகக் கடினம்.

சோதனை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்கேன் செய்பவரிடம் கேட்டு ஒருமுறை புரோபை நீங்களே பிடித்து நகர்த்திப் பாருங்கள், பேக்வால் படுக்கும் அந்த இடத்தைக் கையால் உணர வேண்டும். இந்த வேலை பிடித்துப்போனால் லெவல் 1, லெவல் 2 எழுதலாம், டிப்ளமோ போதும். சிதைவிலாச் சோதனைக்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. காம்போசிட் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சம், உங்களைப் போலக் கேள்வி கேட்கிறவர்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். திரையின் போட்டோ அனுப்புவதாக இருந்தால் புரோப் அலைவரிசை, கெயின், ஒலிவேகம் எவ்வளவு வைத்தார்கள் என்பது மூன்றும் வேண்டும். பக்கத்துப் பிளேடில் எடுத்த ரெஃபரன்ஸ் போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள், அது இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.